கம்பங்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு?

மின்கம்பிப் பாதையின் செலவைக் குறைக்க முனைவோர் முதலில் கம்பங்களையே எண்ணுகின்றனர். 50 மீட்டருக்கு ஒரு கம்பம் எனில் கிலோமீட்டருக்கு 20 தேவை; 100 மீட்டராயின் 10 போதும். குறுக்குச் சட்டம், பீங்கான், குழி தோண்டும் கூலி யாவும் அவ்வாறே பாதியாகும். கிராம மின்மயமாக்கக் கழகம் 1969-இல் தோன்றிய பின், 8 மீட்டர் முன்தகைவுக் கான்கிரீட் கம்பங்களும் 100 மீட்டரையொட்டிய இடைவெளியும் நாடெங்கும் பரவின.

இடைவெளியை மேலும் நீட்டலாகாதா? தடையாவது கம்பியின் தொய்வு. ஒரு மீட்டர் கம்பியின் எடையை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி, இழுவிசையின் எட்டு மடங்கால் வகுத்தால் தொய்வு கிடைக்கும். 'வீசல்' எனும் எஃகு உள்ளீடுள்ள அலுமினியக் கம்பி மீட்டருக்கு 0.128 கிலோ எடையுள்ளது. அதை 280 கிலோ விசையில் இழுத்துக் கட்டினால் 100 மீட்டரில் தொய்வு 0.57 மீட்டர், 200 மீட்டரில் 2.29 மீட்டர். இடைவெளி இரட்டிக்கத் தொய்வு நான்கு மடங்காகிறது. கோடை வெயிலில் கம்பி நீண்டு இன்னும் தாழும். 8 மீட்டர் கம்பத்தில் 1.5 மீட்டர் மண்ணுக்குள் போய்விடும். தெருவையொட்டிச் செல்லாத 11 கிலோவோல்ட் கம்பிக்கும் தரையிலிருந்து 4.6 மீட்டர் உயரம் வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டு விதி. ஆகவே நீண்ட இடைவெளிக்கு உயரமான கம்பமோ வலிய கம்பியோ தேவை. நியூசிலாந்தில் 1920-களில் ஒற்றைக் கம்பிப் பாதைகளுக்கு எஃகுக் கம்பியைப் பயன்படுத்தியது இதனாலேயே. ஆனால் எஃகு மின்சாரத்தை நன்கு கடத்தாது, சிறு சுமைக்கே ஏற்றது.

கொல்கத்தாவிலும் அதன் தெற்கேயுள்ள சுந்தரவனத்திலும் மற்றொரு கணக்கும் உண்டு. அது காற்று. இந்தியத் தர விதிப்படி கொல்கத்தாவின் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. உருண்டை வடிவத்திற்காக மூன்றிலொரு பங்கைக் கழித்தாலும், 100 மீட்டர் இடைவெளியில் மூன்று வீசல் கம்பிகள் கம்பத்தை ஏறக்குறைய 240 கிலோ விசையில் பக்கவாட்டில் தள்ளும். கம்பத்தின் மீது மோதும் காற்று தனி. 200 கிலோ பணிச்சுமைக் கம்பத்தின் காப்பு வரம்பை இது அரித்துவிடும். இடைவெளியை 50 மீட்டராக்கினால் கம்பிகளின் தள்ளுவிசை 120 கிலோதான்.

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் மணிக்கு 155 முதல் 165 கிலோமீட்டர் வேகத்தில் சுந்தரவனத்தருகே கரை கடந்தது. கொல்கத்தாவின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அங்கே மரங்களே கம்பிகள் மீது பெருமளவில் சாய்ந்தன என்பதையும் மறக்கலாகாது. எந்தச் சூத்திரமும் மரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உள்நாட்டுச் சமவெளிக்குச் சரியான சிக்கனத்தைக் கடற்கரைக்கு அப்படியே கொண்டுசெல்வது பிழை. கழிமுகத்து வண்டல் மண் கம்பத்தின் அடியை இறுகப் பற்றுவதில்லை. அங்கே இடைவெளியைச் சுருக்கி, சில கம்பங்களுக்கு ஒரு முறை பாதையின் இருபுறமும் இழுகம்பி கட்டி, அடியில் கான்கிரீட் இட வேண்டும். அச்செலவை மதிப்பீட்டிலேயே காட்டுவது பொறியாளரின் பொறுப்பு.