தளத்தின் விளிம்பில் நிற்கும் தண்ணீர்



கொல்லைப்புறத்தில் தொலைநோக்கிக்கென்று நகரும் கூரையோடு ஒரு கொட்டகை கட்ட முனைபவர்கள் பெரும்பாலும் கூரையை நினைத்தே கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையில் பாதியையாவது தரைக்குத் தாருங்கள். கூரை ஒழுகினால் முதல் மழையிலேயே தெரிந்துவிடும். தரைவழியாகப் புகும் ஈரமோ இரண்டு மூன்று பருவமழை தாண்டி, கீழ்ச்சட்டம் உளுத்து, தொலைநோக்கியின் ஆடியில் பூஞ்சணம் படர்ந்த பிறகுதான் வெளியே தெரியும். அதற்கு மருந்தாகப் பலரும் பசையைத் தேடுகிறார்கள். தண்ணீருக்கு வேண்டியது விழுந்து போக ஒரு வழி என்பதே என் வாதம்.

பெருந்தவறு தளத்தை ஊற்றும்போதே நேர்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று சுவரைவிட அரையடி வெளியே நீளும்படி கான்கிரீட் போடுகிறார்கள். சுவரில் அடிக்கும் சாரல் வழிந்திறங்கி அந்த விளிம்பில் நிற்கிறது. பிறகு கீழ்ச்சட்டத்துக்கு அடியில் உள்ள மயிரிழை இடைவெளியில் உள்ளே ஊர்கிறது. தளத்தின் அளவும் சட்டத்தின் அளவும் ஒன்றாக இருந்து, வெளிப்பலகை தளத்தின் விளிம்பைத் தாண்டி இரண்டங்குலம் கீழே தொங்கினால் தண்ணீர் சொட்டி மண்ணில் விழுந்துவிடும். ஏற்கெனவே அகலமாக ஊற்றிவிட்டவர்கள் சிலிக்கான் பூசினால் போதாதா என்று கேட்பார்கள். தூசியும் ஈரமும் உள்ள கான்கிரீட்டில் அது சரியாக ஒட்டாது. ஒரு முனை பிரிந்தாலும் போதும், உள்ளே போன தண்ணீரை வெளியேற விடாமல் அதுவே அடைத்து வைக்கும். வெளியே நீளும் பகுதியை வெட்டி எடுங்கள். முடியாவிட்டால் வெளிப்புறம் சரியும்படி செதுக்கி வாட்டம் கொடுத்து, சட்டத்தின் கீழிருந்து அதன் மேல் இறங்கும்படி ஒரு தகட்டை மடித்துப் பொருத்துங்கள்.

கீழிருந்து ஏறும் ஓதம் வேறு வகை. கான்கிரீட் பார்வைக்குக் கல், உள்ளே நுண்துளைகள். அவற்றின் வழியே மண்ணின் ஈரம் தானாகவே மேலேறும். தூள் கலவாத ஜல்லியைத் தளத்தின் கீழே பரப்பினால், அதன் பெரிய இடைவெளிகளில் தண்ணீரால் ஏற முடியாது. அதன்மேல் 250 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு. இரு துண்டுகள் சேருமிடத்தில் ஓரடியாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். பழைய வீடுகளைக் கருங்கல் மேடையில் உயர்த்தியதிலும் இந்த அறிவு இருந்தது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடும் சென்னை போன்ற ஊரில், சுற்றுத்தரையைவிட அரையடியாவது உயராத தளம் வீண்.

தொலைநோக்கியைத் தாங்கும் தூணைச் சுற்றிய இடைவெளிதான் எல்லாவற்றிலும் சங்கடமானது. தூண் தளத்தைத் தொடக் கூடாது. தொட்டால் நீங்கள் ஓரடி எடுத்துவைக்கும் அதிர்வும் 200 மடங்கு உருப்பெருக்கத்தில் பெரிதாகி வியாழனை ஆட்டும். ஆனால் அந்த அரையங்குல இடைவெளி ஈரத்துக்கும் கறையானுக்கும் திறந்த வாசல். சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல்லும் கொத்தனாரிடம் உறுதியாக மறுத்துவிடுங்கள். தெர்மகோலை உள்ளே இறக்கி, மேலே இறுகிப்போகாத, ரப்பர்போல வளையும் பூச்சை இடுங்கள். இடைவெளியை ஒட்டித் தளத்தை ஓரங்குலம் வரம்புபோல் உயர்த்திவிட்டால் தரையில் ஓடும் தண்ணீர் அதை எட்டாது.

இவ்வளவு செய்தபின் கொட்டகையைக் காற்றுப் புகாமல் அடைத்தால் என்ன? மழைக்காற்றின் ஈரம் உள்ளே வராதே என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் கூரை திறக்கும் ஒவ்வோர் இரவும் ஈரக்காற்று உள்ளே வந்துதான் தீரும். வானை நோக்கிக் குளிர்ந்த ஆடியில் அது பனியாகப் படியும். மூடிய பிறகு அந்த ஈரம் வெளியேற வழி வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில், சாரல் படாத உயரத்தில் வலையிட்ட துளைகள் வையுங்கள்.

கோடையில் தளம் ஊற்றி நன்றாக நீராற்றுங்கள். சட்டம் நிறுத்துமுன் நான்கு வாளித் தண்ணீரை நடுவில் கொட்டிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அந்த இடத்தைச் சரிசெய்த பிறகு தச்சரை அழையுங்கள்.