முதல் லாரி வருவதற்கு முன்

தை அறுவடை முடிந்து நெல் வரத் தொடங்கினால், ஒரத்தநாட்டுப் பக்கம் சும்மா கிடந்த தகரக் கொட்டகைகூட குடோனாகிவிடும். மூன்று நான்கு மாதத்துக்குத்தானே என்று தீத்தடுப்பைத் தள்ளிப்போடுகிறோம். வெயில் ஏறுவதே அந்த மாதங்களில்தான். மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். பிறகு கல்லணைக் கால்வாயும் கிளை வாய்க்கால்களும் காய்ந்துபோகும். அதனால் "பக்கத்துலயே வாய்க்கால் இருக்கு" என்று இடத்துக்காரர் சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை. போர் உண்டா, கரண்ட் போனால் தண்ணீருக்கு என்ன வழி என்று கேட்ட பிறகுதான் வாடகைப் பேச்சு.

தண்ணீரை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் சாக்கு. 6 கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர் மேலே எரியும் சுடரை அடக்கிவிடும். அரை நிமிடத்துக்குள் தீர்ந்தும் விடும். மூட்டையைப் புரட்டிப் பாருங்கள், சாக்கின் மடிப்பில் சிவப்பாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருக்கும். காற்றுப் பட்டால் மறுபடி பற்றும். சூடு தணியத் தண்ணீர்தான் வேண்டும். ஆகவே வாசலின் இரு பக்கமும் 200 லிட்டர் டிரம், வாளிகள். பவுடர் சிலிண்டர் மின்பெட்டிக்கும் டீசல் கேனுக்கும். மின்பெட்டியில் தண்ணீர் அடிக்கக் கூடாது என்பதை லோடுமேன்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சுவரோடு ஒட்டி அட்டி போட்டால் கூடுதல் மூட்டை பிடிக்கும் என்பார் மேஸ்திரி. சம்மதிக்காதீர்கள். ஆள் நடக்க இடமில்லாத மூலையில் பிடித்த தீயைப் புகை வந்த பிறகுதான் பார்ப்போம். பல்புக்கு நேர் கீழே அட்டி உயரக் கூடாது. வெறும் சாக்குக் கட்டு நெல்லைவிட வேகமாக எரியும். அதற்குத் தனி இடம் ஒதுக்குங்கள். வைக்கோல் லாரி தாழ்ந்த மின்கம்பியில் உரசி எரிவது நம் ஊர்களில் புதிதல்ல. அதே கம்பி தீயணைப்பு வண்டியையும் மறிக்கும், பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

பூச்சிக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையின் இருப்பை மட்டும் குடோனுக்குள் வைக்கவே கூடாது. தண்ணீர் பட்டால் விஷவாயு கிளம்பும், அது தீப்பிடிக்கவும் செய்யும். 101-க்குச் சொல்லும்போதே மருந்து போட்ட அட்டி எது என்று சொல்லிவிட வேண்டும்.

இன்சூரன்ஸ் பாலிசியில் பழைய குடோன் முகவரியே இருக்கும். இந்தக் கொட்டகையின் முகவரியைச் சேர்த்து எழுத்தில் வாங்கிய பிறகு லாரிக்குப் போன் போடுங்கள்.