பேட்டரி ப்ளோயர் வாங்கலாமா? முற்றம் பெருக்கும் மிஷினும் நம்ம கணக்கும்



மாசி பிறந்தால் வேம்பு இலை கொட்ட ஆரம்பித்துவிடும். புங்கை மரமும் சேர்ந்துகொள்ளும். விடியக்காலையில் கூட்டி அள்ளிய வாசல் பதினொரு மணிக்குத் திரும்பவும் மஞ்சளாய்க் கிடக்கும். குனிந்து கூட்டிக் கூட்டி இடுப்பு விட்டுப்போன அக்காமார் இல்லாத குழுவே கிடையாது. இந்த நேரத்தில்தான் டவுன் கடையிலும் செல்போன் விளம்பரத்திலும் பேட்டரியில் ஓடுகிற ப்ளோயர் நம்ம கண்ணில் படுகிறது. கையில் பிடித்து சுவிட்சை அமுக்கினால் காற்று பீய்ச்சி அடிக்கும், இலை ஓரமாய் ஓடும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். "குழுவில உள்கடன் எடுத்து ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?" என்று கேள்வியும் வரும்.

வாங்கு, வாங்காதே என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. உங்க தரை எப்படிப்பட்ட தரை, மிஷின் மேல் எழுதியிருக்கும் எண் நிஜமா, மாசத்துக்கு எத்தனை தடவை அதற்கு வேலை இருக்கும், இந்த மூன்றும் தெரிந்தால் முடிவை நீங்களே எடுக்கலாம். இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

முதலில் தரையைப் பாருங்கள்

அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டைச் சுற்றிப் புல் வளர்ப்பார்கள், நடைபாதை சிமெண்டாக இருக்கும். புல்லின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மேலே கிடக்கும் இலை மட்டும் காற்றுக்கு நகரும். அப்படிப்பட்ட முற்றத்துக்கு ஏற்ற மிஷின் இது. அங்கே பல காலம் பெட்ரோல் ப்ளோயர்தான் ஓடியது. புகையும் சத்தமும் தாங்காமல் கலிபோர்னியா மாநிலம் 2021-ல் சட்டம் போட்டு, 2024 முதல் இப்படிப்பட்ட சின்னப் பெட்ரோல் இஞ்சின் உள்ள புது மிஷின்களின் விற்பனையை நிறுத்த வழி செய்தது. பேட்டரி மிஷின் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்ம வாசல் வேறு மாதிரி. பாதி வீடுகளில் வெறும் மண், சாணி தெளித்த தரை. அதில் ப்ளோயரை வைத்தால் இலைக்கு முன்னால் புழுதிதான் கிளம்பும். காய்ந்த கோழி எச்சம், ஆட்டுப் புழுக்கைத் தூள், நைஸ் மண் எல்லாம் கொடியில் காயும் துணியிலும் திறந்த சோற்றுப் பானையிலும் போய் உட்காரும். வீட்டில் இளைப்பு உள்ள பிள்ளையோ வயசான மாமியாரோ இருந்தால் அன்று ராத்திரி தூக்கம் போச்சு. நாள்பட நாள்பட மேல்மண் பறந்து மரத்தின் வேர் வெளியே தெரிய ஆரம்பிக்கும். மண் வாசலுக்கு ஈர்க்குமாறுதான் நல்லது என்பது என் கருத்து. நின்றபடி கூட்டுகிற மாதிரி அதில் ஒரு நீளக் கம்பு கட்டிக்கொண்டால் இடுப்புக்கும் பாதி விடுதலை. ஆசையோடு இதைப் படிக்கும் சிலருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை.

ப்ளோயர் எங்கே உதவும்? சிமெண்ட் களம், டைல்ஸ் போட்ட திண்ணை, மொட்டை மாடி, பள்ளிக்கூட வராண்டா, கோயில் மண்டபம், கல்யாண மண்டபம். ஜல்லி பரப்பிய நடையும் இதற்கு ஏற்ற இடம். அங்கே துடைப்பம் போட்டால் ஜல்லியும் சேர்ந்து வரும், ப்ளோயரை அளவாக வைத்தால் இலை மட்டும் போகும். நெல்லோ மிளகாயோ காயப்போடும் முன் களத்தைச் சுத்தம் செய்யவும் வசதி. ஆனால் ஈர இலையை அது அசைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையோடு ஒட்டிக் கிடக்கும் இலைக்குத் துடைப்பம்தான். தென்னை மட்டையை நகர்த்தும் என்றும் யாரும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. ப்ளோயர் இலையை ஒதுக்கும், அவ்வளவுதான். அள்ளுவது நம்ம கைதான். ஒதுக்கிய இலையைக் கொளுத்தவும் கூடாது. குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. தென்னம் பாத்தியிலும் காய்கறிப் பாத்தியிலும் மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், மிச்சத்தை உரக்குழியில் தள்ளுங்கள்.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால் ஏமாற மாட்டோம்

கடையில் கேட்டால், "அக்கா, இது 48 வோல்ட்டு, அது 21 வோல்ட்டு, இதுதான் பவர் ஜாஸ்தி" என்பார்கள். இங்கேதான் நிதானம் வேண்டும்.

பேட்டரிக்குள் டார்ச் கட்டை மாதிரி சின்னச் சின்ன லித்தியம் செல்கள் இருக்கும். ஒரு செல்லின் அளவு 3.6 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட். முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட் காட்டும், அப்போது அதே ஐந்து செல் 21 வோல்ட். ஆகவே 18, 20, 21 என்று மூன்று பெட்டியில் மூன்று எண் இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே ஐந்து செல்தான். எண் கூடுதல் என்பதற்காக 500 ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். நிஜமான 48 வோல்ட் வேண்டுமென்றால் 13 செல் வரிசையாக வேண்டும். அது உள்ளங்கையில் அடங்காது. உள்ளங்கை அளவு பேட்டரி மேல் 48, 88 என்று எழுதியிருந்தால் அது வோல்ட் கணக்கே இல்லை, அலங்காரம்.

அடுத்த எண் ஆம்பியர்-மணி. ஆங்கிலத்தில் 'ஏஎச்' என்று போட்டிருக்கும். தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வோல்ட் என்பது தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது, ஏஎச் என்பது தொட்டி எவ்வளவு பெரிசு என்பது. இரண்டையும் பெருக்கினால் மொத்தச் சக்தி கிடைக்கும். அதற்கு வாட்-மணி என்று பெயர். 18 வோல்ட், 2 ஏஎச் என்றால் 36 வாட்-மணி. 18 வோல்ட், 4 ஏஎச் என்றால் 72.

இப்போது முக்கியமான கணக்கு. ப்ளோயர் முழு வேகத்தில் ஓடும்போது 300 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 72-ஐ 300-ஆல் வகுத்தால் 0.24 மணி. நிமிஷத்தில் சொன்னால் சுமார் 14. 2 ஏஎச் பேட்டரி என்றால் 7 நிமிஷம்தான்! பெட்டியில் "40 நிமிடம் ஓடும்" என்று போட்டிருந்தால் அது மெதுவான வேகத்தில் ஓடுகிற கணக்காக இருக்கும். அந்த வேகத்தில் புளிய இலை நகரும், பலா இலை நகராது. "ஃபுல் ஸ்பீடுல எத்தனை நிமிஷம் ஓடும் தம்பி?" என்று கேட்டு, சொல்கிற நிமிஷத்தை பில்லின் பின்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் நமக்கு விஷயம் புரிந்துவிடும்.

சந்தேகமாக இருந்தால் பேட்டரியைத் தராசில் வையுங்கள். சாதாரண செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம். அதில் 4 ஏஎச் தர 10 செல் வேண்டும், செல் மட்டுமே 450 கிராம் ஆகிவிடும், கூட்டோடு அரைக் கிலோவைத் தாண்டும். புதுசாக வருகிற பெரிய செல் 70 கிராம் வரும், அதில் ஐந்து போட்டாலே 4 ஏஎச் கிடைக்கும், அதுவும் கூட்டோடு அரைக் கிலோவை நெருங்கும். 4 ஏஎச் என்று எழுதிய பேட்டரி 300 கிராம்தான் இருக்கிறது என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஊதாங்குழலும் விசிறியும்

காற்றுக்கும் இரண்டு எண் உண்டு. ஒன்று வேகம், இன்னொன்று அளவு. அடுப்பு ஊதுகிற ஊதாங்குழலில் காற்று வேகமாக வரும், ஆனால் கொஞ்சம்தான் வரும். கங்கு பிடிக்க அது போதும், அதை வைத்து நெல் தூற்ற முடியுமா? தூற்றுவதற்குக் களம் முழுக்க அடிக்கிற காற்று வேண்டும். இலையும் அப்படித்தான். வாய் குறுகலான சின்ன ப்ளோயர் தையல் மிஷினில் பஞ்சு எடுக்க, மூலையில் தூசி விரட்ட நல்லது. முற்றத்து இலைக் குவியலைத் தள்ள வாய் அகலமான, காற்று அளவு கூடுதலான மிஷின் வேண்டும். கடையில் இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்பார்கள். வாங்கும் முன் கடை வாசலில் நாலு காய்ந்த இலையைப் போட்டு, நாலு அடி தள்ளி நின்று அடித்துப் பாருங்கள்.

எடையையும் பாருங்கள். பேட்டரி போட்ட மிஷின் ஒன்றரை முதல் மூன்று கிலோ வரை இருக்கும். வீட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒரு கையில் பிடித்துப் பத்து நிமிஷம் வாசலைச் சுற்றி வந்து பாருங்கள். தோள் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். இடுப்பு வலியைப் போக்கப் போய்த் தோள் வலியை வாங்கி வரக்கூடாது அல்லவா?

'பிரஷ்லெஸ்' மோட்டார் என்றால் உள்ளே தேய்கிற கார்பன் துண்டு கிடையாது. விலை கூடும், ஆனால் அதே பேட்டரியில் கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடும். வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் இதையே எடுங்கள். அதே பேட்டரி அந்தக் கம்பெனியின் டிரில், புல் வெட்டும் மிஷினுக்கும் பொருந்துமா, தனி பேட்டரி என்ன விலை, ரிப்பேர் பார்க்கும் இடம் எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். பில் குழுவின் பெயரில் இருக்கட்டும், வாரண்டி அட்டையில் கடை முத்திரை வேண்டும்.

குழுக் கணக்கு

ஒரு வீட்டுக்கு மட்டும் இந்தச் செலவு கட்டாது. குழுவாக வாங்கினால்? உதாரணத்துக்கு இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜரோடு 9,000 ரூபாய் என்று வைப்போம். நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணை. அசல் குறையக் குறைய வட்டி 90, 81, 72 என்று இறங்கி மொத்தம் 495 ரூபாய் வரும். ஆக 9,495. மாசம் சராசரி 950 ரூபாய் கட்ட வேண்டும்.

ஒரு தடவை வாடகை 50 ரூபாய். அதில் 10 ரூபாயைப் புது பேட்டரிக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், ஏனென்றால் எந்த பேட்டரியும் சில நூறு சார்ஜுக்குப் பிறகு தளர்ந்துபோகும். மிச்சம் 40. மாசம் 950 கட்ட 24 வாடகை வேண்டும். பத்து மாசத்துக்கு 240. மாசி முதல் சித்திரை வரை இலை கொட்டும் மூன்று மாசத்தை மட்டும் நம்பினால் மாசம் 80 வாடகை ஓட வேண்டும். நடக்கிற காரியமா? மண்டபம், பள்ளி, களம் என்று வருஷம் முழுக்க வேலை தருகிற இடம் இரண்டாவது கையில் இருந்தால்தான் கடன் எடுங்கள். இல்லையென்றால் அந்தப் பணம் உள்கடனாகச் சுற்றுவதே மேல்.

பேட்டரி இரண்டு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2 ஆம்பியர் சார்ஜரில் 4 ஏஎச் பேட்டரி நிரம்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கால் மணி வேலைக்கு இரண்டு மணி காத்திருந்தால் வாடகைக்கு எடுத்தவர் அடுத்த தடவை வரமாட்டார். கரண்ட் செலவு பற்றிக் கவலை வேண்டாம். வீணாவதையும் சேர்த்தால்கூட பத்துத் தடவை சார்ஜ் போட ஒரு யூனிட்தான் ஆகும்.

கையில் வந்த பிறகு

ஓட்டும்போது மூக்கில் துணி, கண்ணுக்குக் கண்ணாடி. சேலைத் தலைப்பையும் பின்னலையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், மிஷினின் பின்பக்கம் காற்றை உள்ளே இழுக்கும். சத்தம் 85 டெசிபலைத் தாண்டும் மிஷின்கள் உண்டு. தினமும் மணிக்கணக்கில் ஓட்டுகிறவர் காதில் பஞ்சு வைத்தால் போதாது, காது அடைப்பான் வாங்கித் தாருங்கள். அணையாத சாம்பல், பெட்ரோல் இருக்கும் இடம் பக்கம் போகவே கூடாது. மாவு மில்லைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். காற்றில் பறக்கும் மாவு ஒரு சின்னப் பொறியில் தீப்பிடித்து வெடிக்கும்.

ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், அரை மணி ஆறட்டும். அதற்கென்று வந்த சார்ஜரைத் தவிர வேறு எதிலும் போட வேண்டாம். கூரைக்கு அடியில், பாய் மேல், எல்லோரும் தூங்கும்போது சார்ஜ் போடுவது ஆபத்து. தகரக் கொட்டகையில் வெயில் நேரம் பேட்டரியை வைத்தால் ஆயுசு குறையும். மழைக்காலத்தில் மூட்டை கட்டி வைக்கும்போது பாதி சார்ஜில் வையுங்கள். பேட்டரி உப்பினாலோ மோசமான வாடை வந்தாலோ அன்றோடு நிறுத்துங்கள். அதைக் குப்பையில் போடாமல் வாங்கிய கடையிலேயே கொடுங்கள். 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு.

குழுக் கூட்டத்தில் பேச

நம்ம உறுப்பினர் வீடுகளில் மண் வாசல் எத்தனை, சிமெண்ட் வாசல் எத்தனை? வருஷம் முழுக்கச் சுத்தம் செய்யும் வேலை தரக்கூடிய இடம் நம்ம ஊரில் எது எது, அவர்களிடம் யார் போய்க் கேட்பது? மிஷின் யார் வீட்டில் இருக்கும், பழுதானால் செலவு யாருடையது? பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதிய பிறகு கடைக்குக் கிளம்புங்கள். போகும்போது இந்தப் பக்கத்தையும் கணக்குப் போடத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.