கணிப்பொறிக்கு ஏற்ற செயலி எது?

உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கணிப்பொறி அமைப்போர், கோர்கள் மிகுந்த செயலியே விரைவானது எனக் கருதுவதுண்டு. இஃது எல்லா வேலைக்கும் பொருந்தாது.

ஒரே கோர் 100 நிமிடத்தில் முடிக்கும் வேலை ஒன்றைக் கொள்வோம். அதில் 80 நிமிட வேலையைப் பல கோர்களுக்குப் பங்கிடலாம். எஞ்சிய 20 நிமிட வேலையைப் பங்கிட இயலாது. 4 கோர்களாயின் 20+20, அதாவது 40 நிமிடம் ஆகும். 8 கோர்களாயின் 20+10, அதாவது 30 நிமிடம். கோர்களை எவ்வளவு பெருக்கினும் 20 நிமிடத்திற்குக் குறையாது. இவ்வரம்பை அமெரிக்கப் பொறியாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் சுட்டிக்காட்டினார்.

ஆகவே, முதலில் வேலையை ஆராய்தல் வேண்டும். கடிதம் தட்டச்சிடவும் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கவும் ஒவ்வொரு கோரின் வேகமே முதன்மையானது. 4 கோர்கள் போதும். காணொளி தொகுத்தல், செயற்கைக்கோள் படங்களைப் பகுத்தாய்தல் ஆகியவற்றிற்கு 8 கோர்களோ அதற்கு மேலோ பயன்தரும். பழைய கணிப்பொறியில் வழக்கமான வேலையை நடத்தி, எத்தனை கோர்கள் உழைக்கின்றன என முன்னரே பார்த்துக்கொள்க. மதர்போர்டின் சாக்கெட் செயலிக்குப் பொருந்துதலும் இன்றியமையாதது.

பள்ளிக்கோ கள அலுவலகத்திற்கோ கிடைக்கும் தொகை சிறிது. உறங்கிக் கிடக்கும் கோர்களுக்கு அதைச் செலவிடாது, நினைவகத்திற்குச் செலவிடுவதே சிக்கனமாகும்.