உழைச்செல்வானின் அறிவுடைமை: எண்ணூர் அம்மோனியாக் கசிவும் செவிலியர் கல்வியும்

திருக்குறள் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என நான்கு கூறாக்குகிறது. உழைச்செல்வானை மருந்து இயற்றுவோனாகப் பரிமேலழகர் கொள்வார். அருகிருந்து பேணுவோன் எனலும் பொருந்தும். அவனுக்கு அவர் கூறும் பண்புகளுள் சொல்லியதைச் செய்யும் வன்மையும் அறிவுடைமையும் தனித்தனியே இடம்பெறுகின்றன. செவிலியர் கல்விக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

அத்திப்பட்டை அடுத்த எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டிக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகளில் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் உற்றோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அம்மோனியா நீரில் எளிதில் கரைவது. ஆதலின் கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றின் ஈரத்தையே முதலில் பற்றும். கண்ணை நீரால் நெடுநேரம் கழுவுதல் மருந்துச் சீட்டுக்குக் காத்திருக்கத் தக்கதன்று.

'தொண்டை கம்முது' என்பவரிடம் விரல்நுனிக் கருவி இயல்பான அளவையே காட்டலாம். குரல்வளை அதற்குள் வீங்கத் தொடங்கியிருக்கவும் கூடும். கருவி அளப்பது குருதியின் ஆக்சிஜன் செறிவை. மூச்சுப்பாதையின் அகலத்தை அன்று. 'தொண்டை கம்முது', 'மூச்சு முட்டுது', 'இளைக்குது' என்பவற்றையெல்லாம் 'மூச்சுத்திணறல்' என்று குறிப்பேட்டில் ஒன்றாக்கினால் முதற்சொல் தந்த எச்சரிக்கை மறைந்துவிடும். நோயாளியின் பண்புகளுள் நோய்நிலை உணர்த்தும் வன்மையைப் பரிமேலழகர் வைத்தது இங்கு நினைக்கத்தக்கது.

நுரையீரலில் நீர் கோத்தல் சில மணிநேரம் கழித்தும் தோன்றலாம். ஆகவே வீடு திரும்புவோரிடம், எந்த அறிகுறி கண்டால் உடனே மீள வேண்டும் என்பதை அவர்தம் வழக்குச்சொற்களாலேயே சொல்லி அனுப்புதல் வேண்டும்.