வடதுருவப் பிரதேசத்தில் வானொலி உரிமமும் அழைப்புக் குறியும்

நார்வே நாட்டின் வடகரைக்கும் வடதுருவத்துக்கும் ஏறத்தாழ நடுவழியில் ஸ்வால்பார்ட் என்னும் தீவுக்கூட்டம் அமைந்துள்ளது. அதன் மேற்குக் கரையில், 78 பாகை 55 கலை வட அட்சரேகையில், நை-ஆலசுண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. முன்னர் நிலக்கரிச் சுரங்கமாக விளங்கிய இவ்வூர் இன்று பல நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்களுக்கு இருப்பிடமாயிருக்கிறது. 2008 ஜூலை முதல் நாளன்று நமது நாட்டின் ‘ஹிமாத்ரி’ நிலையமும் இங்கே திறந்து வைக்கப்பட்டது. ஆகவே அங்கு வானொலி அனுப்புகருவியை இயக்க விரும்புவோர் யாரிடம் அனுமதி பெறவேண்டும், எப்பெயரால் தம்மை அழைத்துக்கொள்ள வேண்டும் என்பன நம் விஞ்ஞானிகளுக்கும் பயன்படக்கூடிய வினாக்களாகும்.

1920 பிப்ரவரி 9ஆம் நாள் பாரிஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி இத்தீவுகளின் மீது நார்வேக்கு முழு ஆட்சியுரிமை உண்டு. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவும் அதில் ஒரு தரப்பு என்பதை நம்மில் பலர் அறியார். அவ்வுடன்படிக்கையின் நான்காம் விதி கம்பியில்லாத் தந்தியைப் பற்றியதே. நார்வே அரசாங்கம் அமைக்கும், அல்லது அதன் அனுமதியுடன் அமைக்கப்படும், பொதுத் தந்தி நிலையங்கள் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும், உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் மக்களுக்கும் சமமாகத் திறந்திருக்க வேண்டும் என்று அவ்விதி கூறுகிறது. நிலவுடைமையாளர்கள் தம் சொந்த அலுவலுக்கென நிலையம் வைத்துக்கொள்ளவும் அது இடம் தருகிறது. இத்தீவுகளில் முதல் வானொலி நிலையம் 1911ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது என்பதை நினைத்தால், இப்படி ஒரு விதி உடன்படிக்கையில் இடம்பெற்றது வியப்பன்று. பனி சூழ்ந்த அத்திசையில் செய்தி அனுப்பும் உரிமை உயிர் காக்கும் உரிமையாகவே கருதப்பட்டது.

ஆயினும் சமவாய்ப்பு வேறு, உரிமம் இல்லாமல் இயக்குதல் வேறு. அலைவரிசை ஒதுக்கீடு நார்வேச் சட்டத்துக்கு உட்பட்டது. அதை நிர்வகிப்பது நார்வேயின் தகவல் தொடர்பு ஆணையம். கப்பலில் உள்ள வானொலி நிலையம் அக்கப்பலின் கொடிக்குரிய நாட்டின் உரிமத்தைக் கொண்டு இயங்கும். கரையில் இறங்கி நிறுவும் கருவிக்கு அது செல்லாது.

அழைப்புக் குறி என்பது ஒரு நிலையத்தின் பெயர். சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன் ஒவ்வொரு நாட்டுக்கும் சில முன்னெழுத்துகளைப் பகிர்ந்தளித்திருக்கிறது. நமது அமெச்சூர் நிலையங்களின் குறிகள் பெரும்பாலும் ‘வி.யு.’ என்று தொடங்குகின்றன. நார்வேக்கு ‘எல்.ஏ.’ முதல் ‘எல்.என்.’ வரையிலான தொடரும், ‘ஜே.டபிள்யூ.’, ‘ஜே.எக்ஸ்.’, ‘3ஒய்’ ஆகியவையும் உரியவை. அமெச்சூர் வழக்கில் இவற்றுள் ஜே.டபிள்யூ. ஸ்வால்பார்டையும், ஜே.எக்ஸ். யான் மாயென் தீவையும் குறிக்கும். எழுத்தைக் கேட்டவுடனே இடம் விளங்கிவிடுகிறது. ஐரோப்பிய அஞ்சல்-தொலைத்தொடர்பு நிர்வாகங்களின் பொது ஏற்பாட்டில் சேர்ந்த நாட்டின் அமெச்சூர், தம் குறிக்கு முன்னால் ஜே.டபிள்யூ. என்ற எழுத்துகளையும் ஒரு சாய்கோட்டையும் சேர்த்து, குறுகிய காலத்துக்கு விருந்தினராக இயங்கலாம். அவ்வேற்பாட்டில் சேராத நாட்டவர் ஆணையத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். தம் உரிமம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைப் பயணத்துக்குப் பல வாரங்கள் முன்னதாகவே எழுதிக் கேட்டறிவது நலம். கப்பல் ஏறியபின் கேட்பவர்க்கு விடை வருமுன் பயணம் முடிந்துவிடும்.

இதுவரை கூறியது எந்த நாட்டிலும் காணக்கூடியதே. நை-ஆலசுண்டின் தனிச்சிறப்பு அங்கே நிலவும் வானொலி மௌனம். ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டர் ஆரத்துக்குள், 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை ஆணையத்தின் தனி அனுமதியின்றி எவரும் அனுப்பலாகாது. காரணம் யாதெனில், நார்வே நிலஅளவைத் துறையின் புவியளவை நிலையம் அங்கே இயங்குகிறது. 13 மீட்டர் விட்டமுள்ள அதன் இரு வானொலித் தொலைநோக்கிகள், பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள குவேசார்களின் அலைகளைக் கேட்கின்றன. அதே அலைகளை உலகின் வேறு இடங்களிலுள்ள தொலைநோக்கிகளும் அதே நேரத்தில் பதிவு செய்யும். அணுக்கடிகாரங்களின் துணையால் வருகைநேர வேறுபாடு கணக்கிடப்பட, தொலைநோக்கிகளிடையே உள்ள தூரம் மில்லிமீட்டர் அளவில் தெரியவருகிறது. கண்டங்களின் நகர்ச்சியும் புவி சுழலும் வேகத்தின் சிறு மாறுதல்களும் இவ்வாறே அளக்கப்படுகின்றன. அந்த அலைகள் வந்து சேரும்போது மிக நலிந்திருக்கும். அருகே ஒருவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் கைப்பேசியின் புளூடூத் அவற்றைவிடப் பன்மடங்கு வலிமையுடையது.

ஆகவே விண்ணப்பிக்குமுன் கருவியின் அலைவரிசையைப் பார்க்க வேண்டும். வைஃபையும் புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை, தடைக்குள் அகப்படும். கணிப்பொறிகளைக் கம்பி வழியே இணைக்கும் பழைய முறையே அங்கு நடைமுறை. 24 கிகாஹெர்ட்ஸ் மழைமானி ராடாரும் அகப்படும். பலூனில் செல்லும் வானிலைக் கருவிகள் 400 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும், கடல்சார் கைவானொலிகள் 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும் இயங்குவதால் மௌன எல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஆனால் தடையில்லை என்பதால் உரிமமும் தேவையில்லை என்று கொள்ளலாகாது. நேர்மாறாக, 10 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு முறையான அமெச்சூர் உரிமம் பெற்றவரும் இவ்வூரில் அப்பட்டையைத் தொடக்கூடாது. நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பாலுள்ள லாங்இயர்பியனில் அவருக்கு இத்தடை இல்லை. அங்கும் அவருடைய அண்டெனா ஏறக்குறையத் தொடுவானத்தையே நோக்கியிருக்கும். பூமத்தியரேகைக்கு மேலே நிலையாக நிற்கும் செயற்கைக்கோள் அங்கிருந்து 3 பாகை உயரத்துக்கு மேல் தோன்றுவதில்லை. சிற்றலைக்கும் துருவ ஒளியால் அடிக்கடி இடையூறு நேரும். கடலடிக் கம்பியும் அறுபடாததன்று என்பதை 2022 ஜனவரியில் இரு கம்பிகளுள் ஒன்று பழுதுற்றது காட்டியது.

எனவே ஊரை விட்டு வெளியே செல்பவர் அபாய அறிவிப்புக் கருவி ஒன்றை உடன் கொண்டுசெல்லுதல் இன்றியமையாதது. பனிக்கரடிகள் திரியும் நிலம் அது. 406 மெகாஹெர்ட்ஸில் கூவும் அக்கருவி மௌனத் தடைக்கு உட்பட்டதன்று. அதனுள் பதிந்துள்ள நாட்டு எண்ணை வைத்தே உரிமையாளரைத் தேடுவார்கள். நம் நாட்டின் எண் 419. அந்த எண்ணுடைய கருவியின் விவரங்கள் பெங்களூரில் உள்ள செயற்கைக்கோள் உதவி மையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லையேல், நார்வேயின் மீட்புப் படையினருக்கு ஓர் எண்ணும் ஓர் இடமும் தெரியும். சென்றவர் யார், உடன் எத்தனை பேர், யாரைக் கேட்பது என்பவை தெரியா. சென்ற ஆண்டுக் குழுவின் கருவியை இவ்வாண்டுக் குழு எடுத்துச் செல்வது வழக்கமாதலால், புறப்படுமுன் அப்பதிவில் பொறுப்பாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மாற்றி எழுதச் செய்ய வேண்டும்.