மணலுள் உறங்கும் மீன்

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் வாழும் ராஸ் என்னும் மீனினத்துட் பல, இரவில் மணலுட் புதைந்து உறங்கும் இயல்பின. ஆகலின், காரைக்குடியில் அவற்றை இல்லத்துக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விழைவோர், அடியில் 5 சென்டிமீட்டர் ஆழமேனும் நுண்மணல் இடுக. அஞ்சியவழித் துள்ளி வெளியே வீழுமாதலின், மேலே வலைமூடியும் வேண்டும்.

மீன் வந்த பையை முதலில் தொட்டிநீரில் மிதக்கவிட்டு வெப்பத்தை ஒப்பாக்குக. பின்னர்த் தொட்டிநீரைப் பைக்குள் சிறிது சிறிதாகச் சேர்த்து உப்பளவை ஒப்பாக்குக. விட்டவுடன் அது மணலுள் மறைந்து சின்னாள் வாராதிருத்தல் கூடும். இறந்ததென்று தோண்டற்க, யாம் மூன்றாம் நாள் தோண்டினேம், உயிரோடிருந்த மீன் வெருண்டு புண்பட்டு மறுநாள் மாய்ந்தது.

பிற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தியுண்ணும் ராஸ் வகையை வாங்காதொழிக. தொட்டியில் அதற்குப் போதிய இரையின்மையின் பெரும்பாலும் பசியால் மெலிந்து இறக்கும். கடலுயிரை இல்லத்திற்குக் கொணர்வார்க்குப் பொறுமையே முதற்கருவி என்பது எம் துணிபு.